சிறுதொழில்களும் நாட்டின் வேலைவாய்ப்பும்

ஒரு நாட்டின் செல்வத்தை அதன் கருவூலத்தைக் கொண்டு அளப்பாரும் உளர். அதன் துறைமுகங்களையும் மாளிகைகளையும் கொண்டு அளப்பாரும் உளர். உழைக்கும் வயதினருள் எத்துணைப் பேருக்கு நாள்தோறும் செய்வதற்கு ஒரு தொழிலும், அத்தொழிலாற் குடும்பத்தைக் காக்கும் வருவாயும் உண்டு என்பதைக் கொண்டு அளப்பதே சாலச் சிறந்தது என்பது எமது கருத்து. அவ்வாறு அளக்கப் புகின் உடனே ஒரு வினா எழுகின்றது. நம் நாட்டில் வேலை தருவோர் யாவர்?

இவ்வினாவை வகுப்பறையில் எழுப்பினால் மாணவரிற் பலர் 'அரசாங்கம்' என்பர். சிலர் 'பெரிய கம்பனிகள்' என்பர். இக்காலத்தில் 'வெளிநாடு' என்பாரும் குறைவல்லர். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்று நம் முன்னோர் வழங்கிய பழமொழி இன்னும் நம் வீடுகளில் உயிருடன் இருக்கின்றது. இவ்விடைகள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், எண்ணிக்கையால் முதலிடம் பெறுவது இவற்றுள் ஒன்றுமன்று. சந்தியிலுள்ள தையற்கடை, அதன் அருகேயுள்ள சைக்கிள் திருத்தும் கடை, பாண் பேக்கரி, அரிசி ஆலை, தளவாடப் பட்டறை, மிளகாய்த்தூள் அரைக்கும் மில், அச்சகம் ஆகிய இவைதாம் ஒன்றுசேர்ந்து இந்நாட்டில் மிகப் பலருக்கு வேலை தருகின்றன. இவ்வுண்மையையும், அதனுள் மறைந்திருக்கும் ஒரு குறையையும், அக்குறை தீரும் வழியையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

சொற்பொருள்

ஒரு பொருளை ஆராயுமுன் அதன் பெயரைத் தெளிந்துகொள்ளல் தமிழாசிரியரின் வழக்கம். 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். தொழிலில் இடும் பணத்தையும் குறிக்கும். 'ஊதியம்' என்னும் சொல் பண்டை நூல்களிற் பெரும்பாலும் ஆதாயம் என்னும் பொருளிலேயே வழங்கியது. இன்று அது சம்பளத்தைக் குறிக்கின்றது. ஒரு சொல்லின் பொருள் மாறியதைக் கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றை முடிவுசெய்தல் பொருந்தாது. எனினும், ஆதாயத்தைக் குறித்த சொல் சம்பளத்தைக் குறிக்க வந்தமை நம்மவர் சிந்திக்கத்தக்கதாகும்.

இனி, 'சிறிய, நடுத்தரத் தொழில்முயற்சி' என்பது யாது? 2016ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கையின் தேசியக் கொள்கை இதற்கு ஓர் எல்லை வகுத்தது. பத்துப் பேர் வரை வேலை செய்வதும், ஆண்டு விற்பனை 150 இலட்சம் ரூபாவைத் தாண்டாததும் நுண்தொழில். 11 முதல் 50 பேர் வரையும், 25 கோடி ரூபா வரையும் உடையது சிறுதொழில். பொருள் உற்பத்தியில் 300 பேர் வரையும், சேவைத் துறையில் 200 பேர் வரையும் உடையதாய், விற்பனை 75 கோடி ரூபாவுக்கு உட்பட்டது நடுத்தரத் தொழில்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தாரோ வேறோர் அளவுகோலைக் கையாண்டனர். அவர்தம் கணக்கிற் கைத்தொழிற்றுறையில் 4 பேர் வரை உள்ளது நுண்ணியது. 5 முதல் 24 வரை சிறியது. 25 முதல் 199 வரை நடுத்தரமானது. வியாபாரத்தில் இவ்வெல்லைகள் இன்னுங் குறுகியன. ஆதலின், சிறுதொழில் பற்றிய எண்களை எங்கேனும் காணும் மாணவர், 'எந்த அளவுகோல் கொண்டு அளந்த எண்?' என்று முதலில் வினவப் பழகுதல் வேண்டும். ஈண்டு யாம் காட்டுவன யாவும் திணைக்களத்தாரின் அளவுகோற்படி அமைந்தவை.

எண்கள் கூறுவன

விவசாயம் தவிர்ந்த தொழில்கள் யாவற்றையும் வீடுவீடாகவும் கடைகடையாகவும் எண்ணிய பொருளாதாரத் தொகைமதிப்பு 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றது. நாடு முழுவதிலும் ஏறக்குறையப் 10 இலட்சத்து 20 ஆயிரம் தொழில் நிலையங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்தோர் ஏறக்குறைய 30 இலட்சம் பேர்.

இவற்றை வகுத்து நோக்குவாம். நுண்தொழில்கள் 9 இலட்சத்து 36 ஆயிரம்; அவற்றில் உழைத்தோர் 13 இலட்சத்து 39 ஆயிரம். சிறுதொழில்கள் 71 ஆயிரம். உழைத்தோர் 5 இலட்சத்து 30 ஆயிரம். நடுத்தரத் தொழில்கள் 10 ஆயிரத்து 400. உழைத்தோர் 3 இலட்சத்து 87 ஆயிரம். பெருந்தொழில்கள் 2 ஆயிரத்து 400 மாத்திரமே. எனினும் அவற்றில் உழைத்தோர் 7 இலட்சத்து 48 ஆயிரம்.

எனவே, நான்கு பேருள் மூவர் நுண்ணிய, சிறிய, நடுத்தரத் தொழில்களிலேயே வேலை பெற்றனர். 2016ஆம் ஆண்டிற் கணக்கெடுத்தபோது அரசாங்கத்திலும் அரசு சார்ந்த நிறுவனங்களிலும் இருந்தோர் 11 இலட்சம் அளவினர். சிறியோர் தந்த வேலை அதனினும் இருமடங்காதல் காண்க. உலகநிலையும் இதுவே. சர்வதேசத் தொழில் தாபனம் 2019ஆம் ஆண்டில் 99 நாடுகளின் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட அறிக்கையில், சுயதொழில் புரிவோரும் நுண், சிறு தொழில்களும் சேர்ந்து மொத்த வேலைவாய்ப்பில் 70 சதவீதத்தைத் தாங்குவதாகக் கண்டது. ஐக்கிய நாடுகள் சபை ஆண்டுதோறும் ஜூன் 27ஆம் நாளை இத்தொழில்களுக்குரிய நாளாக 2017ஆம் ஆண்டு முதற் குறித்திருப்பதும் இதுபற்றியே.

இத்துடன் நின்றுவிடின் நம் பாடம் அரைகுறைப் பாடமாகும். மாணவர் எழுதுகோலை எடுத்து ஒரு வகுத்தற் கணக்குச் செய்து பார்ப்பாராக. நுண்தொழில்களில் உழைத்தோர் தொகையை அத்தொழில்களின் தொகையால் வகுத்தால், ஒரு தொழிலுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை! சிறுதொழிலுக்கு ஏழு பேருக்குச் சற்றுக் கூட. நடுத்தரத் தொழிலுக்கு முப்பத்தேழு பேர். இதன் பொருள் யாது? நம் நாட்டின் நுண்தொழில்களிற் பெரும்பாலானவை பிறருக்கு வேலை தருவனவல்ல. உரிமையாளர் தமக்குத் தாமே வேலை தந்துகொள்வனவே அவை. மிஞ்சினால் மனைவியோ மகனோ துணை நிற்பர். வேறு வேலை கிடையாமையாற் கடை திறந்தோரும் இவருட் பலர்.

மேல்நாட்டு ஆராய்ச்சியாளரும் இதே இடத்திற் கருத்து மாறுபட்டனர். அமெரிக்காவில் டேவிட் பேர்ச் என்பார் 1979ஆம் ஆண்டில், புதிய வேலைகளிற் பெரும்பங்கைச் சிறுநிறுவனங்களே உண்டாக்குகின்றன என்று எழுதினார். அக்கூற்று அரசாங்கங்கள் பலவற்றின் கொள்கைகளை மாற்றியது. பின்னர் 2013ஆம் ஆண்டில் ஹோல்ற்றிவாங்கரும் அவர்தம் துணைவரும் அதே நாட்டின் தரவுகளை நுணுகி நோக்கி, நிறுவனத்தின் வயதையும் கணக்கிற் சேர்த்தால் சிறுமைக்கென்று தனிச் சிறப்பு எதுவும் எஞ்சவில்லை என்றும், வேலைகளைப் பெருக்குவன புதிதாய்த் தோன்றி வளரும் நிறுவனங்களே என்றும் காட்டினர். பல ஆண்டுகளாகச் சிறிதாகவே இருக்கும் கடை வேலையைக் காக்கும். சிறிதாய்ப் பிறந்து வளரும் கடையே வேலையைப் பெருக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தலே இப்பாடத்தின் உயிர்நிலை எனலாம்.

பெருந்தொழில்களை இகழ்ந்துரைப்பதும் எம் நோக்கமன்று. நிலையான சம்பளமும், ஊழியர் சேமலாப நிதியும், ஒழுங்கான விடுமுறையும் பெரும்பாலும் அவற்றிலேயே கிடைக்கின்றன. சிறுகடையில் வேலை செய்யும் இளைஞனுக்கு இவை கிடையாது போவதே வழமை. ஒரு தொழிலாளி மாத்திரம் இருப்பினும் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் செலுத்துதல் சட்டம். அச்சட்டம் 1958ஆம் ஆண்டு தொட்டு இருந்தும், அதனைக் கைக்கொள்ளாத முதலாளிமார் பலர். வேலை என்பது வெறுங் கூலி மாத்திரமன்று. முதுமைக்கு ஒரு காவலும் ஆகும்.

யாழ்ப்பாணம் கண்ட பாடம்

இவ்வுண்மைகளை விளக்க நாம் தூரதேசம் செல்லவேண்டுவதில்லை. முற்காலத்து யாழ்ப்பாணத்திற் சுருட்டுக் கைத்தொழில் ஆயிரக்கணக்கானோரைப் போஷித்தது. தோட்டத்திற் புகையிலை நட்டவர், அதனைப் பாடம் செய்தவர், கொட்டிலில் இருந்து சுருட்டியவர், பொதிசெய்தவர், தென்னிலங்கைப் பட்டினங்களிற் கடைவைத்து விற்றவர் என அது ஒரு நீண்ட சங்கிலி. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் புதினப்பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே தொழில் செய்த வழக்கம் நம் பழைய மாணவருள் மூத்தோர் அறிந்தது. புகைத்தலின் தீமையை இன்று யாவரும் அறிவர்; அப்பண்டம் மீண்டும் தழைக்க யாம் விரும்பவில்லை. ஆயினும், ஒரு பயிரைச் சுற்றிப் பல சிறுமுயற்சிகள் ஒன்றையொன்று தாங்கி நின்ற அவ்வமைப்பு கற்கத்தக்கது. மக்களின் பழக்கம் சிகரெட்டுக்கும் பீடிக்கும் மாறியபோது அச்சங்கிலி தளர்ந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கைக் கடைகள் பல அழிந்தபோது அறுந்தது. சந்தை போனால் பட்டறையும் போகும் என்பது முதற் பாடம்.

மறுபுறத்திற் பெருந்தொழிற்சாலைகளும் வந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் அப்பத்தாண்டிலேயே எழுந்தன. நம்மவர் பலர் அவற்றில் உத்தியோகம் பெற்றுக் குடும்பங்களை உயர்த்தினர். 1990ஆம் ஆண்டிற் போர் காரணமாகச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றபோது, அதனை நம்பியிருந்த ஊர் முழுவதும் ஒரே நாளில் நிலைகுலைந்தது. ஒரு தூணில் நின்ற கூரை அத்தூண் சாய்ந்தால் முழுவதும் சாயும் என்பது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் அதன்பின் வந்த இருண்ட ஆண்டுகளிற் கிடைத்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. அந்நாளில் நம் ஊர்த் திருத்தகங்களிலிருந்த தொழிலாளர் மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கச் செய்தனர். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்க்கு அதனைக் கற்பிக்கவில்லை. போர் முடிந்தபின் ஊர்களில் முதலிற் கதவு திறந்தவையும் சைக்கிள் கடை, தையற்கடை, பலசரக்குக் கடை ஆகியனவே. சிறுதொழில் விரைவில் வீழும், விரைவில் எழும். அது எழும்போது ஊரும் எழுகின்றது.

வளர்ச்சியைத் தடுப்பன

அங்ஙனம் எழுந்தவை ஏன் ஒன்றரைப் பேருடன் நின்றுவிடுகின்றன? காரணங்கள் பல, இன்றியமையாதன நான்கினைக் கூறுவாம்.

முதலாவது கடன். வங்கி கேட்பது காணி உறுதி. தொழிலறிவும் நற்பெயரும் ஈடாகக் கொள்ளப்படுவதில்லை. காணி இல்லாதார்க்குக் கடன் இல்லை. காணி உடைய பெண்களுக்கும் தடை உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை ஈடுவைப்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். வங்கிக்குச் செல்ல இயலாதோர் நுண்கடன் கம்பனிகளிடம் சென்று உயர்ந்த வட்டியில் அகப்பட்டனர். வரட்சியால் வருந்திய மாவட்டங்களிலுள்ள பெண்களின் சிறு கடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டிய அளவிற்கு அந்நிலை முற்றியது. வங்கியிற் கடன்பெற்றோரும் தப்பினாரல்லர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. வட்டி வீதம் விண்ணை முட்டியது. ஈடுவைத்த ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலமிட வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரத்தைப் பாராளுமன்றம் 2024ஆம் ஆண்டிற் சிலகாலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்நெருக்கடி ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து நாட்டை நீங்கினர்.

இரண்டாவது, பிந்திய கொடுப்பனவு. இது நாளிதழ்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் கடனினும் கொடியது. எமது பழைய மாணவர் ஒருவர் தளவாடப் பட்டறை நடத்துகின்றார். ஆறு பேருக்கு வேலை தந்தவர். ஓர் அலுவலகம் மேசைகளும் நாற்காலிகளும் செய்விக்கக் கேள்விப்பத்திரம் கோரியது. இவருக்கே அவ்வேலை கிடைத்தது. கடன்பட்டு மரம் வாங்கிக் குறித்த நாளிற் செய்து கொடுத்தார். பணம் வந்து சேர்ந்தது பதினொரு மாதங்களின் பின்னர். அதற்குள் வட்டி ஆதாயத்தை உண்டது. ஆறு பேருள் இருவரை நிறுத்தவேண்டியதாயிற்று. அவ்வலுவலகத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. கையொப்பமிடாது மேசையிற் கிடந்த ஒரு காசோலை இரு குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதே வேண்டுவது.

மூன்றாவது, சட்டத்தின் எல்லைக்கோடு. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டமும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் பொருந்தும். முன்னதன்படி, ஒழுக்கக் குற்றம் இன்றித் தொழிலாளி ஒருவரை நீக்குவதற்கு அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இச்சட்டங்கள் தொழிலாளரைக் காக்க எழுந்தவை. அவற்றின் அறத்தை யாம் மறுக்கவில்லை. ஆனால், பதினாலு பேர் உள்ள முதலாளி பதினைந்தாமவரைச் சேர்க்க அஞ்சுகின்றார் என்பதும் மெய்யே. தொழிலாளியின் காவலைக் குறையாது, படிப்படியாகப் பொறுப்பு ஏறும் வண்ணம் அக்கோட்டைச் சரிவாக்குதல் சட்டம் வல்லோர் ஆராயத்தக்க விடயம்.

நான்காவது தடை நம் உள்ளத்திலேயே உள்ளது. கைத்தொழிலைப் பிறப்போடு பிணைத்து, அதனைச் செய்வோரைத் தாழ்வாக நோக்கிய வழக்கம் நம் சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. கற்றவன் கைத்தொழிலைத் தீண்டலாகாது என்ற எண்ணம் அதன் எச்சமே. அதனாற் கல்வி ஒருபுறமும் கைத்திறன் ஒருபுறமும் நின்றன. பட்டறையில் திறனுண்டு, கணக்கேடு இல்லை. பட்டதாரியிடம் கணக்கறிவுண்டு, பட்டறை இல்லை. இரண்டும் கூடாதவிடத்துத் தொழில் வளருமாறு எங்ஙனம்?

நாம் செய்யத்தக்கன

அரசாங்கம் செய்யவேண்டுவன உள. 1969ஆம் ஆண்டில் அமைந்த கைத்தொழில் அபிவிருத்திச் சபையும், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபையும் அதற்கென்றே உள்ளன. ஈண்டு நம்மால் இயல்வனவற்றை மாத்திரம் கூறுவாம்.

பழைய மாணவருள் அலுவலகத் தலைவர்களும் வங்கி முகாமையாளர்களும் கம்பனி நிருவாகிகளும் பலர். உங்கள் மேசைக்கு வரும் சிறுவியாபாரியின் விலைச்சிட்டையை அம்மாதத்திலேயே தீர்த்துவையுங்கள். இதற்குப் புதிய சட்டமும் வேண்டா. புதிய நிதியும் வேண்டா. கணக்காளராய் உள்ளோர் தம் ஊர்ப் பட்டறை ஒன்றிற்கு மாதத்தில் ஒருநாள் சென்று கணக்கேடு எழுதப் பழக்கலாம். ஒழுங்கான கணக்கேடு உடையவனே வங்கியின் வாயிலை அணுக வல்லவன். கடல்கடந்து வாழ்வோர் அனுப்பும் பணத்திற் பெரும்பகுதி வீடாகவும் மதிலாகவும் நிற்கின்றது. அதிற் சிறுபகுதி வளரத் துடிக்கும் ஒரு தொழிலிற் பங்காகச் சேருமாயின், வட்டியின்றி முதலும் வரும். அந்நாட்டுச் சந்தையின் அறிவும் உடன்வரும்.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தாதவனைத் தோற்றவன் என்று வழியனுப்புதலை நிறுத்துவாம். அவனுக்குப் பயிலுநர் பயிற்சி உண்டு. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. பட்டறையிலே பழகிப் பெற்ற திறனையும் சோதித்துச் சான்றளிக்கும் முறை அதிலுண்டு. இச்செய்தியை அவன் பாடசாலையை நீங்குமுன் அவனுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைத்தல் நம் கடன்.

மாணவர்காள்! உங்களுட் சிலர் அரசாங்க உத்தியோகம் பெறுவீர்கள், பெறுக. எல்லோர்க்கும் அது கிட்டாது என்பது கணக்கு. அதில் இகழ்ச்சி யாதுமில்லை. மேலே கண்ட 71 ஆயிரம் சிறுதொழில்களும் ஒவ்வொருவரைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டால், 71 ஆயிரம் வேலைகள் ஒரே ஆண்டிற் பிறக்கும். நுண்தொழில்களிற் பத்தில் ஒன்று மாத்திரம் அவ்வாறு செய்தாலும் 93 ஆயிரத்துக்கு மேல் வேலைகள் உண்டாகும். அந்த ஒருவரைச் சேர்க்கும் துணிவும், அவர்க்கு மாதமுடிவிற் சம்பளமும் சேமலாப நிதியும் தவறாது செலுத்தும் நேர்மையும் உடையோரே இனிவரும் நாளில் நாட்டுக்கு வேண்டப்படுவோர்.

வேலை தேடி விண்ணப்பம் எழுதக் கற்பித்த நம் கல்லூரி, விண்ணப்பம் பெற்று வேலை கொடுப்போரையும் உருவாக்குமாக. அடுத்த விழாமலர் வெளிவரும் நாளில், உத்தியோகத்தர் பட்டியலுடன் தொழில் தந்தோர் பட்டியலும் அதில் இடம்பெறுமாக. கல்லூரி நீடு வாழ்க!